ஆஸ்துமா: மருந்து இருக்கிறது, மூச்சு ஏன் திணறுகிறது?

சோறு இல்லாமல் மனிதன் சில வாரம் தாங்குவான். தண்ணீர் இல்லாமல் சில நாள் தாங்குவான். மூச்சு இல்லாமல் சில நிமிடம்கூடத் தாங்க முடியாது.

அந்த மூச்சே பாரமாகிப் போனவர்கள் உலகத்தில் சுமார் 26 கோடிப் பேர் இருக்கிறார்கள். இழுப்பு என்றும், இரைப்பு என்றும், இந்நாளில் 'வீசிங்' என்றும் சொல்லப்படும் ஆஸ்துமா வியாதி அவர்களைப் பிடித்திருக்கிறது.

2019-ஆம் ஆண்டில் மட்டும் இந்த வியாதியால் உலகில் சுமார் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

இதில் இந்தியாவின் பங்கு திகைக்க வைக்கிறது. உலகத்து ஆஸ்துமாக்காரர்களில் 100-க்கு 13 பேர்தான் இந்தியர்கள். ஆனால் ஆஸ்துமாவால் இறப்பவர்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் இந்தியர்கள்! அதே 2019-ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு இது.

இது ஏன்? இந்தியாவில் மருந்து இல்லையா? இருக்கிறது. இங்கே செய்த மருந்து கப்பலேறி வெளிநாடுகளுக்கும் போகிறது. டாக்டர்கள் இல்லையா? பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் கோளாறு எங்கே?

குழாய்க்குள் நடப்பது என்ன?

நெஞ்சுக்குள் மூச்சுக்குழாய் ஒரு மரம்போல் பிரிந்து போகிறது. அடிமரம் ஒன்று, கிளைகள் பல, சிறு கிளைகள் ஆயிரக்கணக்கு.

ஆஸ்துமா உள்ளவருக்கு இந்தச் சிறு கிளைகளின் உட்புறம் சிவந்து வீங்கி இருக்கும். அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் நாளில்கூட அந்த வீக்கம் கொஞ்சமாவது உள்ளே இருக்கும். வெளியே தெரியாது.

அந்த நேரத்தில் புகையோ, தூசியோ, ஜலதோஷமோ வந்தால் போதும். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்ளும். உள்ளே சளி சுரக்கும். வழி குறுகிவிடும். குறுகிய வழியில் காற்று முட்டி மோதிப் போவதுதான் 'விஸ் விஸ்' என்ற சத்தம்.

ஆகவே ஆஸ்துமாவில் இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று, நாள்தோறும் உள்ளே இருக்கும் வீக்கம். மற்றொன்று, திடீரென்று வரும் இறுக்கம்.

மருந்தும் இரண்டு வகை. இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து ஒரு வகை. சால்பியூட்டமால் இந்த வகையைச் சேர்ந்தது. சில நிமிடத்தில் மூச்சு வந்துவிடும். சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும்.

வீக்கத்தை அடக்கும் மருந்து இன்னொரு வகை. இது மிகச் சிறிய அளவு ஸ்டீராய்டு மருந்து. பியூடெசோனைடு இந்த வகையைச் சேர்ந்தது. இதை இழுத்தவுடன் ஒன்றும் தெரியாது. தினமும் இழுத்து வந்தால், சில வாரத்தில் இழுப்பு வருவதே குறையும்.

ஓட்டு வீட்டில் மழை ஒழுகுகிறது. தரையைத் துடைத்தால் அப்போதைக்கு ஈரம் போகும். உடைந்த ஓட்டை மாற்றினால்தான் ஒழுகல் நிற்கும். முதல் வகை மருந்து தரையைத் துடைக்கிறது. இரண்டாவது வகை மருந்து ஓட்டை மாற்றுகிறது.

பெரும்பாலான வீடுகளில் தரையைத் துடைக்கும் வேலைதான் நடக்கிறது!

ஒரு சிறுமி கேட்ட கேள்வி

மருந்தை வாயால் இழுக்கும் சிறு பம்பு எப்படி வந்தது என்பது சுவையான கதை.

1955-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மருந்துக் கம்பெனி ஒன்றின் தலைவர் ஜார்ஜ் மெய்சன். அவருடைய 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. குமிழை அமுக்கி அமுக்கி மருந்தை இழுத்துச் சலித்துப் போன அந்தச் சிறுமி, ''தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி இந்த மருந்தையும் ஒரு டப்பாவில் அடைக்கக் கூடாதா?'' என்ற பொருளில் அப்பாவைக் கேட்டாள். மறு வருஷமே, 1956-இல், பம்பு கடைக்கு வந்துவிட்டது.

ஆனால் அந்தப் பம்பில் இருந்தது மூச்சைத் தளர்த்தும் மருந்து மட்டுமே. ஜனங்கள் அதையே நம்பினார்கள். 1960-களில் இங்கிலாந்து முதலிய சில நாடுகளில் ஆஸ்துமா சாவுகள் திடீரென்று கூடின. அதிக வீரியமுள்ள அந்த வகைப் பம்பைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காலம் கடத்தியதும் இதற்கு ஒரு காரணம் என்று பின்னால் பேசப்பட்டது.

1969-இல் சால்பியூட்டமால் வந்தது. 1972-இல் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு பம்பு வந்தது. அதாவது, ஓட்டை மாற்றும் மருந்து வந்து 50 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

அந்த மருந்து உயிர் காக்கும் என்பதற்குக் கணக்கும் உண்டு. கனடாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு வருஷத்தில் ஸ்டீராய்டு பம்பு ஒவ்வொன்று கூடும்போதும், ஆஸ்துமாவால் சாகும் ஆபத்து 21 சதவிகிதம் குறைந்ததாக அது காட்டியது.

2019-இல் உலக ஆஸ்துமா நிபுணர்களின் 'ஜைனா' அமைப்பு ஒரு முக்கிய மாற்றத்தைச் சொன்னது. 12 வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியே கொடுத்து அனுப்பக் கூடாது. லேசான ஆஸ்துமாவாக இருந்தாலும் வீக்கத்தை அடக்கும் மருந்தும் சேர வேண்டும் என்பதே அது. இரண்டு வேலையும் செய்யும் கூட்டு மருந்துப் பம்புகளும் இப்போது இருக்கின்றன. எது யாருக்கு என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

பத்தில் ஒருவர்கூட இல்லை

இந்தியாவில் பல நகரங்களில் நடந்த ஓர் ஆய்வு 2022-இல் வெளியாயிற்று. இழுப்பு உள்ளவர்களில் 100-க்கு 82 பேருக்குத் தங்களுக்கு இருப்பது ஆஸ்துமா என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. கடுமையான தொந்தரவு உள்ளவர்களிலேயே 100-க்கு 70 பேருக்கு வியாதியின் பெயர் தெரியாது!

'ஆஸ்துமா' என்று டாக்டர் சொல்லிவிட்டவர்களின் நிலை என்ன? அவர்களிலும் பத்தில் ஒருவர்கூட வீக்கத்தை அடக்கும் மருந்தைத் தினமும் இழுக்கவில்லை.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? இழுப்பு வந்தால் மாத்திரை. அதிகமானால் ஊசி. இன்னும் அதிகமானால் ஆஸ்பத்திரியில் நெபுலைசர் மிஷின். மறுநாள் மூச்சு வந்ததும் எல்லாம் மறந்து போகும். அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை.

சால்பியூட்டமால் மாத்திரைக்கு இன்னமும் கிராக்கி இருக்கிறது. 2024 அக்டோபரில், எட்டு பழைய மருந்துகளுக்கு மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் உச்ச விலையை 50 சதவிகிதம் உயர்த்தியது. அந்த எட்டில் சால்பியூட்டமால் மாத்திரையும் ஒன்று.

மாத்திரைக்கும் பம்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் பார்த்தால் விளங்கும். பம்பை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால். 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பது 4,000 மைக்ரோகிராம். பம்பை 40 தடவை அழுத்தியதற்குச் சமம்!

மாத்திரை வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நெஞ்சுக்கு வருகிறது. அதனால்தான் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. பம்பு மருந்தோ நேரே நெஞ்சுக்குப் போகிறது. கொஞ்சம் போதும், சீக்கிரம் கேட்கும்.

மறைத்து வைக்கும் பம்பு

இவ்வளவு நல்ல பொருளை ஜனங்கள் ஏன் வெறுக்கிறார்கள்? நாலு பேர் நாலு விதமாகச் சொல்வதுதான் காரணம்.

''பம்பு வைத்தால் பழகிப் போய்விடும்'' என்கிறார்கள் சிலர். பம்பு மருந்து போதைப் பொருள் இல்லை. மூக்குக் கண்ணாடி போட்டவர் தினமும் போடுகிறார். அதைப் பழக்கம் என்று யாரும் குற்றம் சொல்வதில்லையே!

''ஸ்டீராய்டு உடம்பைக் கெடுக்கும்'' என்கிறார்கள் வேறு சிலர். மாதக்கணக்காக விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை கெடுதல் செய்யும் என்பது உண்மையே. ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 5,000 மைக்ரோகிராம் ஸ்டீராய்டு இருக்கிறது. பம்பில் ஒரு முறை இழுப்பது 100 அல்லது 200 மைக்ரோகிராம்தான். இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வருவதும் குறையும்.

''கடைசி கட்டத்தில்தான் பம்பு'' என்கிறார்கள் மூன்றாவது கூட்டத்தார். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு. பம்பு முதல் கட்ட வைத்தியம்.

நாலாவது காரணம் வெட்கம். கல்யாண வயதில் பெண் இருந்தால், அவளுடைய பம்பு பீரோவுக்குள் ஒளிந்துவிடுகிறது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக் கூடாதாம்! கல்யாணமாகிப் போன இடத்தில் அந்தப் பெண் மருந்தை மறைத்து மறைத்து இழுக்கிறாள். அல்லது இழுப்பதையே விட்டுவிடுகிறாள். புகைந்த அடுப்படியில் ஒரு நாள் மூச்சு முட்டி நிற்கும்போது, பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது.

வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? இங்கிலாந்தின் பாலா ராட்கிளிப் என்ற பெண்மணிக்குச் சிறு வயதிலிருந்து ஆஸ்துமா. அவர்தான் 2003-இல் லண்டன் மாரத்தானில் 42 கிலோமீட்டர் தூரத்தை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். 2002-இல் 'தமிழன்' படத்தின் மூலம் திரையுலகுக்கு வந்த பிரியங்கா சோப்ரா, தமக்கு ஆஸ்துமா இருப்பதை 2018-இல் ஊரறியச் சொன்னார்.

ஒரேயடியாகக் குணமாக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. ஹைதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதம், மிருகசீரிடம் பிறக்கும் நாளில், உயிர் மீனின் வாயில் மருந்து வைத்து விழுங்கப் பல்லாயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: இந்த வியாதி ஜனங்களை எவ்வளவு வாட்டுகிறது! எதை நம்பிப் போனாலும் சரி, கையிலுள்ள பம்பை நிறுத்திவிட்டுப் போவதுதான் ஆபத்து.

பின்லாந்து செய்த காரியம்

ஐரோப்பாவின் வடகோடியில் பின்லாந்து என்ற குளிர் நாடு இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஆஸ்துமா பெருகிக்கொண்டே போயிற்று. ஆஸ்பத்திரிப் படுக்கைகள் நிரம்பின. வேலைக்குப் போக முடியாமல் அரசாங்க உதவிப் பணத்தில் வாழ்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

1994-இல் அந்த அரசாங்கம் பத்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்தை ஒழுங்காக ஜனங்களிடம் சேர்த்தார்கள். அவ்வளவுதான்.

உள்ளூர் சுகாதார நிலையங்களில் ஆஸ்துமாவுக்கென்று ஒரு டாக்டரும் ஒரு நர்ஸும் பொறுப்பேற்றார்கள். மருந்துக் கடைக்காரர்களுக்கும் பயிற்சி கொடுக்கப்பட்டது. நெஞ்சு நோய் நிபுணர்கள் ஊர் டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வியாதி தெரிந்த உடனேயே வீக்கத்தை அடக்கும் மருந்து ஆரம்பிக்கப்பட்டது. தன் வியாதியைத் தானே கவனித்துக்கொள்ளும் முறை ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்லித் தரப்பட்டது.

பலன் என்ன?

1993-இல் மருந்து வாங்கிய ஆஸ்துமாக்காரர்கள் சுமார் 1 லட்சத்து 35 ஆயிரம் பேர். 2003-இல் அவர்கள் 2 லட்சத்து 7 ஆயிரம் பேராகப் பெருகினார்கள். ஆள் கூடினால் ஆஸ்பத்திரிக் கூட்டமும் கூட வேண்டும் அல்லவா? கூடவில்லை! ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்த நாட்கள் 1 லட்சத்து 10 ஆயிரத்திலிருந்து 51 ஆயிரமாகக் குறைந்தன.

ஆஸ்துமாவால் வேலை செய்ய முடியாமல் உதவிப் பணம் வாங்கியவர்கள் 1993-இல் 7,212 பேர். 2003-இல் அவர்கள் 1,741 பேர்தான். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் கவலை குறைந்தது என்று இதற்குப் பொருள்.

செலவும் மிச்சமாயிற்று. ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 1,611 யூரோவாக இருந்த செலவு 1,031 யூரோவாக இறங்கியது.

இதற்கு நேர்மாறான பாடம் இங்கிலாந்தில் கிடைத்தது. பணமும் ஆஸ்பத்திரியும் நிறைந்த அந்த நாட்டில் 195 ஆஸ்துமா சாவுகளை ஒவ்வொன்றாக விசாரித்து, 2014-இல் அறிக்கை வெளியிட்டார்கள். விதிப்படி கவனித்திருந்தால் 46 சதவிகிதச் சாவுகளைத் தவிர்த்திருக்கலாம் என்று அது கூறியது.

அந்த 195 பேரில், இழுப்பு வந்தால் என்ன செய்வது என்று எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தவர்கள் 44 பேர்தான். கணக்குக் கிடைத்த 165 பேரில் 65 பேருக்கு, கடைசி ஒரு வருஷத்தில் 12-க்கு மேற்பட்ட தளர்த்தும் பம்புகள் எழுதித் தரப்பட்டிருந்தன. தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். ஓட்டை யாரும் மாற்றவில்லை!

வாழ்க்கையை அளப்பது எப்படி?

ஜுரத்தை அளக்க தர்மாமீட்டர் இருக்கிறது. ஆஸ்துமாக்காரரின் வாழ்க்கையை எதைக்கொண்டு அளப்பது?

கனடாவில் எலிசபெத் ஜூனிபர் என்ற பெண்மணியும் அவருடன் சேர்ந்தவர்களும் 1992-இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நோயாளியிடம் 32 கேள்விகள் கேட்டார்கள். மூச்சுத் தொந்தரவு எப்படி? செய்ய நினைத்த வேலையைச் செய்ய முடிந்ததா? பயமும் சலிப்பும் வந்தனவா? புகை, தூசிக்குப் பயந்து ஒதுங்க வேண்டியிருந்ததா? இப்படிக் கேட்டதில், வைத்தியத்துக்கு ஒரு புது உரைகல் கிடைத்தது. நோயாளி உயிரோடு இருந்தால் மட்டும் போதாது. நன்றாக வாழ வேண்டும்.

வீட்டில் கேட்டுப் பார்க்க நாலு கேள்விகள் போதும். சென்ற நாலு வாரத்தை நினைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்.

1. பகலில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இழுப்பு வந்ததா?

2. இரவில் இழுப்பினாலோ இருமலினாலோ தூக்கம் கலைந்ததா?

3. தளர்த்தும் மருந்து வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா?

4. ஆஸ்துமாவால் ஏதாவது வேலையை, விளையாட்டை விட வேண்டி வந்ததா?

நாலுக்கும் 'இல்லை' என்றால் வியாதி கட்டுக்குள் இருக்கிறது. ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். (ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்குக் கணக்கு சற்று மாறும்.)

'எனக்கு இது பழகிவிட்டது' என்று சொல்பவர்கள் அநேகம். மாடிப்படி ஏறுவதை விட்டுவிடுகிறார்கள். சிரிப்பதைக்கூடக் குறைத்துக்கொள்கிறார்கள். பிள்ளை மைதானத்துக்குப் போகாமல் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறான். அவன் சாது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். மூச்சு இல்லாததால் சாதுவாக இருக்கிறான் என்பது தெரிவதில்லை.

பெரிய டாக்டர் எப்போது வேண்டும்?

ஆஸ்துமாக்காரர் எல்லோரும் நெஞ்சு நோய் நிபுணரைத் தேடி ஓட வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு ஊர் டாக்டரே போதும்.

ஆனால் சில சமயம் நிபுணரிடம் போகத்தான் வேண்டும். இழுப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் போக வேண்டும். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட நேர்ந்தால் போக வேண்டும். ஒழுங்காகப் பம்பு இழுத்தும் குறையவில்லை என்றால் போக வேண்டும். வேலைக்குப் போகும் நாளில் மூச்சு முட்டி, லீவு நாளில் சரியாகிறது என்றால் கட்டாயம் போக வேண்டும். பேக்கரி மாவுத் தூசியும், பட்டறையில் அடிக்கும் ஸ்ப்ரே பெயிண்ட்டும் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியவை.

நிபுணர் முதலில் புது மருந்து எழுதுவதில்லை. ஸ்பைரோமீட்டர் கருவியில் ஊதச் சொல்லி, இது ஆஸ்துமாதானா என்று பார்ப்பார். பிறகு, ''பம்பை எப்படி இழுக்கிறீர்கள், செய்து காட்டுங்கள்'' என்பார். பல வருஷமாக வியாதி அடங்காதவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்!

சரியான முறை இது: பம்பை நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை முழுதும் வெளியே விட வேண்டும். உதட்டால் இறுகக் கவ்வ வேண்டும். மெதுவாக மூச்சை உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, தொடர்ந்து இழுக்க வேண்டும். பத்து எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். பொடி மருந்து வைத்து இழுக்கும் கருவிக்கு முறை வேறு. அதை வேகமாக இழுக்க வேண்டும்.

கை அழுத்துவதும் மூச்சு இழுப்பதும் ஒத்துவராதவர்களுக்கு 'ஸ்பேசர்' என்ற கூடு உண்டு. மருந்து அதற்குள் நின்று நிதானமாக மூச்சில் போகும். குழந்தைகளுக்கு இது மிகவும் அவசியம். வாங்க முடியாத ஏழைகள் என்ன செய்வது? தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகர டாக்டர்கள், அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பு நுழையும் அளவுக்குத் துளை செய்து, இடுக்கை அடைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இழுப்பு வந்த குழந்தைகளுக்கு அது கடையில் விற்கும் ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது என்று 1999-இல் வெளியிட்டார்கள்.

இவ்வளவு பார்த்த பிறகும் அடங்காத ஆஸ்துமா ஒரு சிலருக்கு உண்டு. அவர்களுக்காக ஒமாலிசுமாப், மெப்போலிசுமாப் முதலிய புது ஊசிகள் வந்திருக்கின்றன. முதலாவது 2003-இலும் இரண்டாவது 2015-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. சில வாரங்களுக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடுவார்கள். இன்ன இரத்தச் சோதனை முடிவு உள்ளவருக்கு இன்ன ஊசி என்ற கணக்கு உண்டு. விலையோ ஏழைக்கு எட்டாதது. ஆகவே, சாதாரணப் பம்பை ஒழுங்காக இழுத்துப் பார்ப்பதே முதல் வேலை.

வீட்டிலுள்ள எதிரிகள்

மருந்து ஒரு பக்கம் இருக்க, எதிரிகளையும் விரட்ட வேண்டும்.

கொசுவர்த்திச் சுருள் ஓர் எதிரி. ஒரு சுருள் எரிந்து தீரும்போது வெளிவரும் நுண்ணிய தூசி, 75 முதல் 137 சிகரெட் வரை புகைத்ததற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. கொசுவலை கட்டினால் கொசுவும் வராது, புகையும் வராது.

விறகடுப்புப் புகை, பீடி சிகரெட், சாம்பிராணி, ஊதுபத்தி, பட்டாசு எல்லாம் இதே கூட்டம்தான். போகியன்று டயரும் குப்பையும் எரிப்பது பெரும் கெடுதல். 2018 போகியன்று சென்னையில் புகை மண்டி, விமானங்கள்கூட இறங்க முடியாமல் தவித்தன. விமானத்துக்கே அந்தக் கதி என்றால், ஆஸ்துமாக் குழந்தையின் கதி என்ன?

தலையணையிலும் மெத்தையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் வாழ்கின்றன. உறைகளை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவது நல்லது.

ஆபத்து வந்துவிட்டால்

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. உதடு நீலம் பாய்கிறது. மூச்சு இழுக்கும்போது விலாப்பள்ளம் உள்வாங்குகிறது. பம்பு அடித்தும் கேட்கவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். 108-க்குப் போன் செய்ய வேண்டும். வண்டி வரும் வரை சால்பியூட்டமால் பம்பை ஸ்பேசர் மூலம் ஒவ்வொன்றாக, நிதானமாகக் கொடுத்து வர வேண்டும். எத்தனை தடவை என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டி வைப்பது புத்திசாலித்தனம்.

சென்னை காட்டிய வழி

பின்லாந்து பணக்கார நாடு; இங்கே அதெல்லாம் நடக்குமா என்று கேட்கலாம். இதற்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது.

ஒரு காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் சானடோரியம் கண்டார். ஊரிலுள்ள அத்தனை காசநோயாளிகளுக்கும் படுக்கை ஏது?

1956-இல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், ஒரு பகுதியினரை அவரவர் வீட்டிலேயே வைத்தும் வைத்தியம் செய்து பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு இல்லை, காற்றோட்டம் இல்லை. ஆனாலும் ஒழுங்காக மருந்து சாப்பிட்டதால், சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே அவர்களும் குணமானார்கள்! 1959-இல் வெளியான இந்த முடிவு உலகத்தின் காசநோய் வைத்தியத்தையே மாற்றியது.

அங்கே வென்றது எது? மருந்து மட்டுமா? ஊழியர்கள் வீடு தேடிப் போய், மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். நோயாளியின் பெயர் ஏட்டில் இருந்தது. அவன் வராவிட்டால் தேட ஆள் இருந்தது.

ஆஸ்துமாக்காரருக்கு இல்லாதது இந்தக் கவனிப்புதான். அவருக்கு ஏடு இல்லை. பத்து நிமிடம் உட்கார்ந்து பம்பு இழுக்கச் சொல்லித்தர ஆள் இல்லை. மூன்று மாதம் வராவிட்டால் தேடுவார் இல்லை.

2021-இல் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை வியாதிக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வந்தது. 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பியூடெசோனைடு இருக்கிறது. 2023-இல் மத்திய அரசு விரிவாக்கிய தொற்றாநோய்த் திட்டத்தில் ஆஸ்துமாவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. காகிதத்தில் உள்ளது ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரிக்கும் வர வேண்டும். அந்த மருந்தை இழுக்கச் சொல்லித்தரப் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸும் அங்கே இருக்க வேண்டும்.

அரசாங்கம் செய்ய வேண்டியது அது. குடும்பம் செய்ய வேண்டியது வேறு. பீரோவில் ஒளிந்திருக்கும் பம்பை வெளியே எடுத்து, எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். மருமகளோ, மகனோ, பாட்டியோ, ''இன்று மருந்து இழுத்தாயிற்றா?'' என்று தினமும் ஒருவர் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குக் காசு இல்லை.